மழையில் மடக்கிய குடைகள்

ஐப்பசி மாதத்து முகூர்த்த நாள். கெடிலம் ஆற்றின் கரைமேட்டில், கையில் மடக்கிய ஒரு சிவப்புக் குடையோடு நின்றிருந்தேன். உடம்பைச் சுற்றி வெள்ளைத் துப்பட்டி. பக்கத்தில் என் மாமியார். எங்களுக்குக் கீழே ஒரு பழைய அணைக்கட்டின் மேல் தண்ணீர் வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கல்யாணமாகி அது இரண்டாவது மழைக்காலம்.

ஆற்றின் மேல்புறத்து வளைவுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், என் கணவரும் என் தம்பியும் துணியால் செய்த ஒரு படகில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் வளைவைத் தாண்டி வந்ததும் நான் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். இன்னொரு கையில் இருந்த வெள்ளைத் துண்டை வீசினால் வரலாம் என்று அர்த்தம். சிவப்புக் குடையை விரித்தால் வரக் கூடாது, கரை ஒதுங்கு என்று அர்த்தம்.

"என்னாடி முடிவு பண்ணே?" என்றார் மாமி.

"இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன் மாமி."

"சீக்கிரம் பாரு. கால் வலிக்குது."

மேற்கே வானம் கறுத்திருந்தது. எங்கள் தலைக்கு மேலே மட்டும் நல்ல வெயில்.

இரண்டு நீளப் பைகள்

போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதும்போது, மாப்பிள்ளையின் சாமான்களோடு வந்த இரண்டு நீளப் பைகளைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்தப் பைகளைத் திறந்து காட்டாமல் இந்த அணைக்கட்டுக் கதையைச் சொல்ல முடியாது.

என் கணவர் காதர் மலாயாவில், பஹாங் பக்கத்து மலையூர் ஒன்றில், மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதிக்கொண்டு போகிறேன். கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி, ரயில் பிடித்து, கல்யாணத்துக்கு முந்திய வாரம் நேராகச் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே ஆள் உயரத்தில் இரண்டு பைகள்.

மலாயா மாப்பிள்ளை. ஆள் உயரப் பைகள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அன்று முழுக்க அடுப்படியில் கால் தரிக்கவில்லை. பட்டுக் கைலி என்றாள் ஒருத்தி. ஜப்பான் நைலான் என்றாள் இன்னொருத்தி. மாப்பிள்ளை ஜும்மாவுக்குப் போன நேரம் பார்த்து என் சித்தி பையைத் திறந்தேவிட்டாள். உள்ளே மூங்கில் குச்சி போல வழவழப்பான மரச் சட்டங்கள், பித்தளைக் கொக்கிகள், பாய் மாதிரி சுருட்டிய ஒரு ரப்பர் துணி.

"கூடாரம் போலருக்கு," என்றாள் சித்தி. "நம்ம புள்ளய ஜாகை இல்லாத ஆளுக்கா குடுக்கறோம்?"

அது மடிப்புப் படகு. சட்டங்களைக் கோத்து, துணியை இழுத்து மாட்டினால் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரக்கூடிய, மீன் போல நீண்ட படகு ஆகிவிடும். இரண்டு முனையிலும் அகன்ற பலகை வைத்த துடுப்பு. அந்த மலையூரில் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் ஒருவருக்கு, பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு ஓடும் காட்டாறுகளில் அந்தப் படகை ஓட்டுவதுதான் பொழுதுபோக்கு. முன்சீட்டில் உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது. மளிகைக் கடையிலிருந்து சாமான் கொண்டுபோன மச்சானைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். சில வருஷம் அப்படி ஓடியது. அவர் சீமைக்குத் திரும்பும்போது படகை மச்சானுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

நாகப்பட்டினம் சுங்கத்தில் அதிகாரிகள் நம்பவில்லையாம். மச்சான் அங்கேயே தரையில் படகைக் கோத்து, உள்ளே உட்கார்ந்து, சிமெண்டுத் தரையில் துடுப்புப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவர்கள் டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்களாம்.

ஜோடியாக ஆறு பார்த்தது

கல்யாணமாகி நான் கடலூருக்கு வந்தேன். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, குடைக்கடை. மூங்கில் காம்புக் குடை, இரும்புக் கம்பிக் குடை, பெண்களுக்கான சின்னக் குடை எல்லாம் உண்டு. கடையில் ஒரு துண்டுத் துணிகூட யாருக்கும் சும்மா போகாது. அப்படிப்பட்டவர் மகன் மழை வந்தால் குடையை வைத்துவிட்டு ஆற்றுக்கு ஓடுகிறான் என்பது மாமாவுக்குத் தீராத மனக்குறை.

"ஊரு மழையில நனையக் கூடாதுன்னு நான் கடை போட்டிருக்கேன்," என்பார். "இவன் நனையறதுக்குன்னே பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போயிட்டு வந்திருக்கான்."

மாமி அந்தப் படகுக்கு வைத்த பெயர் பாய்ச்சுருட்டு. "ஒம் புருஷன் பாய்ச்சுருட்டத் தூக்கிட்டுக் கெளம்பிட்டான்" என்று குரல் வந்தால், மேற்கே மழை என்று அர்த்தம்.

புதிதாகக் கல்யாணமானவர்கள் சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கோ சினிமாவுக்கோ போவார்கள். நாங்கள் ஆறு பார்க்கப் போவோம். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நான் கரையில் நிற்பேன். மச்சான் பேசிக்கொண்டே இருப்பார். வீட்டில் அதிகம் பேசாதவர் தண்ணீரைக் கண்டால் வாய் ஓயமாட்டார்.

"ஒரு குச்சிய வெளிம்புல நட்டு வை. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாரு. குச்சி நனைஞ்சிருந்தா ஏறுது. காஞ்ச மண்ணுல நின்னா எறங்குது. வானத்தப் பாக்காதே. இங்க வெயில் அடிக்கும், மேக்க கொட்டியிருக்கும்."

நுரையும் வைக்கோலும் நடு ஆற்றில் ஓடினால் தண்ணீர் ஏறுகிறது. ஓரத்துக்கு ஒதுங்கினால் வடிகிறது. தண்ணீர் நாக்கு மாதிரி நீண்டு, நுனி கீழ்ப்பக்கம் பார்த்திருந்தால் அங்கே வழி இருக்கிறது. நுனி நம்மைப் பார்த்திருந்தால் அடியில் கல் இருக்கிறது. கருவேலம் புதர் தண்ணீரில் முங்கிக் கிடந்தால் அது சல்லடை. "தண்ணி பூந்து போயிரும், ஆளு போவ மாட்டான்," என்பார்.

எல்லாவற்றிலும் மோசம் ஒன்று உண்டு. அதை அவர் பிடிக்கிற தண்ணி என்பார். சுவர் போல நேராக விழுகிற தண்ணீர், விழுந்த இடத்திலிருந்து முன்னால் போகாமல் திரும்பவும் சுவரையே பார்த்து ஓடி வரும். அதில் விழுந்தது எதுவானாலும் உள்ளே, மேலே, உள்ளே, மேலே என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பார்க்க ரொம்ப அமைதியாக இருக்கும் என்பதுதான் அதில் உள்ள ஏமாற்று.

"மலாயாவுல துரைக்கு அதுல ஒரு சிநேகிதர் போயிட்டார்," என்று ஒரு நாள் சொன்னார்.

அன்று வீடு திரும்பும்போது நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் நானும் பார்க்க வேண்டும். நான் வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அத்தாவும் பிரியாணியும்

வேண்டாம் என்று சொல்வது எங்கள் குடும்பத்தில் ரத்தத்தோடு வந்தது. சிதம்பரத்தில் நான் சிறுமியாக இருந்தபோது, வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அத்தா, அதாவது என் அப்பா, எங்களை வண்டி கட்டிக் கூட்டிப்போனார். வழியில் ஒரு தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. முழங்கால் அளவுகூட இல்லை. அத்தா இறங்கி நின்று பார்த்தார். தாடியைத் தடவினார். "வண்டியத் திருப்பு," என்றார்.

எங்களுக்குப் பின்னால் வந்த வண்டி குலுங்கிக் குலுங்கி அக்கரை போய்ச் சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் மறுநாள் வந்து, பிரியாணியில் போட்டிருந்த முந்திரியிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார்கள். என் தம்பி நசீர் அன்று அழுத அழுகை எனக்கு இன்னும் கேட்கிறது. அத்தா மட்டும் ரசச் சோறு பிசைந்து சாப்பிட்டபடி, "ஊட்டுல உக்காந்து அழறது நல்ல அழுகைதான்," என்றார்.

நான் முதல் மழைக்காலத்தில் சொன்ன வேண்டாமும் அப்படித்தான் ஆனது. பெண்ணையாற்றில் நடு ஆற்றில் நுரை ஓடுகிறது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். மச்சான் பேசாமல் படகைப் பையில் கட்டினார். நாங்கள் பொரிகடலை தின்று முடிப்பதற்குள் ஆறு வடிந்து, மாடு கடந்து போனது. அந்த நுரை மேலே யாரோ துணி துவைத்த நுரை. மாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். "எம் மருமவ சவுக்காரத்தப் பாத்து பயந்தவ."

ஆகவே இரண்டாவது மழைக்காலத்தில், அணைக்கட்டுக்கு மேலே குடையோடு நிற்கும்போது, என் வாக்குக்கு அவ்வளவு மதிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

முகூர்த்தக் கூட்டம்

நசீர் அப்போது சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வந்தவன் படகைப் பார்த்ததும் முன்சீட்டில் உட்கார்ந்தே தீருவேன் என்றான். அத்தாவுக்கு ஒரே பையன். நீச்சல் தெரியும்தான். ஆனால் அது குளத்து நீச்சல்.

அன்று காலையிலேயே நாங்கள் நாலு பேரும் திருவந்திபுரம் போய்ச் சேர்ந்தோம். மச்சான் அணைக்கட்டைப் பார்த்துவிட்டார். தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. அணைக்கட்டின் ஒரு பக்கம் மேற்கல் கொஞ்சம் பெயர்ந்து, அந்த வழியாகத் தண்ணீர் நாக்குப் போல நீண்டு இறங்கியது. "அதுதான் நம்ம வாசல்," என்றார். பிறகு மச்சானும் நசீரும் படகை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றின் மேல்பக்கம் போய்விட்டார்கள்.

அன்றைக்குத் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணத்துக்கு மேல் கல்யாணம். தாலி கட்டி முடித்தவர்களும் கட்டப் போகிறவர்களும், யாரோ துணிப் படகில் ஆற்றில் வரப்போகிறான் என்று கேள்விப்பட்டுக் கரைமேட்டில் கூடிவிட்டார்கள். பட்டுப் புடவையும் மல்லிகையும் சந்தனமுமாக ஒரே மணம்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே மாமா. இந்தக் கூத்தைப் பார்க்க மாட்டேன் என்று காலையில் சத்தியம் செய்த அதே மாமா, ஒரு கை வண்டி நிறையக் குடைகளோடு வந்து நின்றார்.

"மேக்க கறுத்துக் கெடக்கு, கூட்டம் ஜாஸ்தியா இருக்கு," என்றார் என்னைப் பார்க்காமல். "யாவாரத்துக்கு வந்தேன்."

நான் ஆற்றைப் பார்த்தேன். காலையில் நட்டு வைத்த குச்சியைக் காணோம். பெயர்ந்த கல்லின் வழியாக இறங்கிய நாக்கையும் காணோம். அணைக்கட்டின் நீளம் முழுவதும் தண்ணீர் ஒரே சீராக, கண்ணாடி வளைந்தது போல, சத்தம்கூடக் குறைந்து இறங்கியது. சிவந்த புதுத் தண்ணீர்.

"இப்ப நல்லாத்தான இருக்கு," என்றார் மாமி. "காலையில கல்லு கல்லா தெரிஞ்சுது. இப்ப மெத்து மெத்துன்னு இருக்கு."

எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. அப்போது ஒரு பனைமட்டை மிதந்து வந்தது. அணையின் மேல் வழுக்கியது, விழுந்தது, காணாமல் போனது. கொஞ்ச தூரத்தில் மேலே வந்தது. கீழே போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. மெதுவாக, யாரோ கயிறு கட்டி இழுப்பது போல, அணையை நோக்கித் திரும்பி வந்தது. சுவரடிக்கு வந்ததும் உள்ளே போனது. மறுபடி மேலே. மறுபடி சுவருக்கு.

மச்சான் சொன்ன பிடிக்கிற தண்ணி.

குடையின் கீழ்க் குடை

சிவப்புக் குடையை விரித்தேன். அதே நேரத்தில் மழை வந்தது.

சும்மா தூறல் இல்லை. வாளியைக் கவிழ்த்த மாதிரி வந்தது. பட்டுப் புடவைகள் எல்லாம் மாமாவின் வண்டியைச் சூழ்ந்துகொண்டன. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மேடு முழுவதும் கறுப்புக் குடைகள் விரிந்துவிட்டன. என் முன்னால் குடை, பக்கத்தில் குடை, மேலே குடை. நான் உயரம் குறைவானவள். என் சிவப்புக் குடை அந்தக் கறுப்புக் குடைகளுக்குக் கீழே தாழ்வாரத்தில் நிற்பது போல நின்றது.

முன்னால் நகர்ந்தேன். சரிவில் களிமண் வழுக்கியது. மேல்பக்கம் ஓடிப்போகலாம் என்றால் கரை முழுவதும் கருவேலம் முள். வெள்ளைத் துண்டும் இல்லை, சிவப்புக் குடையும் தெரியவில்லை என்றால் என்ன செய்வது என்று நாங்கள் பேசவே இல்லை. ஒன்றும் தெரியவில்லை என்றால் தடை இல்லை என்றுதான் மச்சான் நினைப்பார். முன்சீட்டில் நசீர் வேறு போகலாம், போகலாம் என்பான்.

கூட்டத்தில் யாரோ, "அதோ வராங்க" என்றார்கள்.

நான் மாமாவிடம் போனேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் நான் சத்தமாகப் பேசியதில்லை.

"மாமா, எல்லாரையும் குடைய மடக்கச் சொல்லுங்க."

"என்னாது?"

"மடக்கச் சொல்லுங்க மாமா. எங் குடை அவுங்களுக்குத் தெரியல. தண்ணி பிடிக்கிற தண்ணியா ஆயிடுச்சி. வந்தா ரெண்டு பேரும் திரும்ப மாட்டாங்க."

மாமா என் முகத்தைப் பார்த்தார். சவுக்கார நுரையை அவர் நினைத்திருக்கலாம். நினைத்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கை வண்டியின் மேல் ஏறி நின்றார். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற குரல் அவருக்கு.

"எல்லாரும் குடைய மடக்குங்க. எம் மவன் ஆத்துல வரான். அவனுக்கு இந்தச் செவப்புக் குடை தெரியணும்."

ஒருவரும் அசையவில்லை. முன்னால் நின்ற மணப்பெண்ணின் அப்பா, "பட்டு நனையுது பாய், இப்பத்தான வித்தீங்க," என்றார்.

மாமா ஒரு மூச்சு நின்றார். "மடக்குறவங்களுக்குக் குடை இனாம்," என்றார்.

சடசடவென்று ஒரு சத்தம் கேட்டது. மேடு முழுவதும் குடைகள் ஒரே நேரத்தில் மடங்குகிற சத்தம். கொட்டுகிற மழையில் அத்தனை பேரும், மாலை போட்ட மணப்பெண் உட்பட, கையில் மடக்கிய குடையோடு நனைந்துகொண்டு நின்றார்கள். நான் வண்டியின் மேல் மாமாவின் பக்கத்தில் ஏறி, காம்பின் அடியைப் பிடித்து, சிவப்புக் குடையை எட்டுகிற மட்டும் உயர்த்தினேன். மாமா என் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

படகு வளைவைத் தாண்டி நடு ஆற்றில் வந்துகொண்டிருந்தது. மழையில் அது ஒரு கீறல் போலத்தான் தெரிந்தது. ஒரு கணம் நேராகவே வந்தது. பிறகு மூக்கு மெல்லத் திரும்பியது. துடுப்பு வேகமாக ஏறி இறங்கியது. இழுத்துக்கொண்டு போன தண்ணீரோடு மல்லுக்கட்டி, அணைக்கு நல்ல தூரம் மேலேயே கரையில் போய் மோதி நின்றது.

"மாஷா அல்லா," என்றார் மாமி. அப்புறம்தான் தெரிந்தது, அவர் அதுவரை என் துப்பட்டி முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு தேங்காய்

கரையேறி வந்த மச்சானின் முகம் நன்றாக இல்லை. நசீர் வெளிப்படையாகவே கோபப்பட்டான்.

"ஏங்க்கா, நல்லா வந்துக்கிட்டிருந்தோம். இந்தத் தடவையும் சவுக்காரமா?"

"தண்ணி ஏறியிருக்கு, சரிதான்," என்றார் மச்சான். "ஏறுனா அணை தண்ணிக்குள்ள மூடிக்கும். சறுக்கிட்டுப் போயிருக்கலாம்னு பாத்தேன்."

கல்யாண வீட்டுக்காரர் ஒருவரிடம் மட்டையோடு கூடிய ஒரு தேங்காயை வாங்கி மச்சானிடம் கொடுத்தேன்.

"போட்டுப் பாருங்க மச்சான்."

அவர் அணையின் மேல்புறம் போய் அதைத் தண்ணீரில் போட்டார். அது வழுக்கி விழுந்தது. மேலே வந்தது. திரும்பிச் சுவருக்குப் போனது. பனைமட்டை இன்னும் அங்கேயேதான் இருந்தது. இரண்டும் சேர்ந்து உள்ளே போயின, சேர்ந்து வெளியே வந்தன. மழை விட்டது. கூட்டம் கோயில் பக்கம் கலையத் தொடங்கியது. தேங்காய் சுற்றிக்கொண்டே இருந்தது.

மச்சான் அது சுற்றுவதை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "நான் மேலேர்ந்து பாத்தப்ப ஆறு ஒரு நேர்க்கோட்டோட நின்னு போன மாதிரிதான் தெரிஞ்சுது புள்ள," என்றார். "அந்தக் கோடு தெரிஞ்சாலே எறங்கிப் பாக்கணும்னு உனக்கு நான்தான் சொல்லியிருக்கேன். இனிமே குடையும் துண்டும் தெரியலேன்னா நிக்கறதுதான் கணக்கு."

நசீர் மணலில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, அத்தாகிட்ட சொல்லாதே," என்றான்.

சொல்லவில்லை. அத்தா போன பிறகு, இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

மாமா காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகனை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"ஒனக்குப் புடிக்க ஒரு குடைகூட மிச்சமில்லடா," என்றார்.

மாமிதான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

முன்சீட்டு

படகை அணைக்கட்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், கீழே தண்ணீர் அடங்கிய இடத்தில் மிதக்க விட்டார்கள். அங்கிருந்து கடலூர்ப் பாலம் வரைக்கும் நல்ல ஓட்டம்தான், ஆபத்தில்லை. நான் குச்சி நட்டுப் பார்த்துச் சொன்னேன். நசீர் முன்சீட்டைப் பார்த்தான், பிறகு ரோட்டைப் பார்த்தான். "நான் வண்டியில வரேன் மச்சான்," என்றான்.

"அப்ப பைய கட்டிர வேண்டியதுதான்," என்றார் மச்சான்.

"எதுக்குக் கட்டணும்?" என்றார் மாமா. "அவ ஏறட்டும்."

நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று மாமியைப் பார்த்தேன். மாமாவோ வண்டியின் சக்கரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். "முன்னால கண்ணு இருக்கறவ உக்காரணும். இல்லேன்னா பாய்ச்சுருட்டு இங்கயே கெடக்கட்டும்."

"துப்பட்டியக் குடு," என்றார் மாமி. "தண்ணியில சுத்திக்கப் போவுது. முந்தானைய இழுத்துச் சொருகு. பிஸ்மில்லா சொல்லிட்டு ஏறு."

அதுவரை ஆற்றைக் கரையிலிருந்துதான் பார்த்திருந்தேன். உள்ளே உட்கார்ந்ததும் எல்லாம் மாறிவிட்டது. துணிக்கு அடியில் தண்ணீர் ஓடுவது தொடையில் தெரிந்தது, பூனை முதுகைத் தடவுவது போல. ரப்பர் வாசனை. ஈர மண் வாசனை. கரையில் நாணல் பின்னால் ஓடியது. வயலில் நின்ற ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துக் கையிலிருந்த நாற்றைக் கீழே போட்டார். நான் சிரித்தேன். காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஊர் நெருங்கியது. மஞ்சக்குப்பத்துப் பக்கத்து மரங்கள் தெரிந்தன. பிறகு பாலம். மேலே சைக்கிள்களும் ஒற்றை மாட்டு வண்டிகளும் நின்றன. ஆட்கள் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார்கள்.

"எந்தக் கண்ணு?" என்று பின்னாலிருந்து மச்சான் கேட்டார்.

பாலத்தின் கண்களை, அதாவது தூண்களுக்கு நடுவே உள்ள வழிகளைப் பார்த்தேன். நடுவில் இருந்ததுதான் அகலம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அதன் தூணில் ஓலையும் முள்ளுமாக ஏதோ அடைந்து, தண்ணீர் அங்கே முட்டிக் குமிழ் விட்டது. வலப்பக்கத்தில் அதற்கு அடுத்த கண்ணில் தண்ணீர் நாக்குப் போல நீண்டு, நுனி எங்களுக்கு அந்தப்புறம் பார்த்து ஓடியது. இன்னொரு முறை பார்த்தேன். வலது கையைத் தூக்கினேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. படகு திரும்பியது.

பாலத்துக்கு அடியில் இருட்டு சில்லென்று வந்து போனது. மறுபக்கம் வெளியே வந்தபோது முகத்தில் வெயில் அடித்தது. மேலே பையன்கள் கத்திக்கொண்டு ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓடினார்கள். பின்னாலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன்.

மச்சான் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்பலேர்ந்து இப்பிடி?" என்றேன்.

"படக திருப்புனதுலேர்ந்து," என்றார். "நீதான் பாத்துட்டியே."